குன்னூரிலிருந்து கப்பலேறிக் கடற்கரையில் திருமணம்: திட்டமிடும் முறை

நீலகிரியில் திருமணம் நிச்சயமானால், முகூர்த்த நாள் குறித்த கையோடு மண்டபத்துக்கு முன்பணம் கட்ட ஆள் அனுப்புவதுதான் வழக்கம். கப்பலில் பயணம் செய்து கடற்கரையில் தாலி கட்டுவது என்று முடிவெடுத்த குடும்பத்துக்கு இந்த வரிசை தலைகீழாகிறது. கப்பல் எந்தத் தேதியில், எந்தத் துறையிலிருந்து, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஏற்பக் கடற்கரையையும், அதற்குப் பிறகுதான் முகூர்த்த நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும். நாளை முதலில் குறித்துவிட்டுக் கப்பலைத் தேடியவர்கள், பிறகு சாஸ்திரிகளிடம் போய் வேறு நாள் கேட்டு நின்றதை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறேன்.

மலையிலிருந்து இறங்குபவர்களுக்குப் பக்கத்துப் பயணக் கப்பல் துறைமுகம் கொச்சிதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாகப் பகலிலேயே எர்ணாகுளம் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே வில்லிங்டன் தீவில், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சாகரிகா பயணக் கப்பல் முனையம் இருக்கிறது. இன்னொன்று சென்னை, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னையில் இறங்கலாம். 2023 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குப் போகத் தொடங்கியது. கப்பல் நிறுவனங்கள் பருவத்துக்குப் பருவம் வழித்தடத்தை மாற்றுவதால், சென்ற ஆண்டு போய் வந்தவர் சொன்ன அட்டவணையை நம்பாமல், உங்கள் தேதிக்கான அட்டவணையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பஞ்சாங்கமும் கடலும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடற்கரை கொந்தளிக்கும். அதற்குள் வரும் ஆடியில் நாமும் திருமணம் வைப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கடற்கரைக்குப் புயல் காலம். அது முடியும்போது மார்கழி வந்துவிடுகிறது. ஆகவே தையும் மாசியும் இரண்டு கரைக்கும் ஏற்ற மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள்தாம் ஆபத்தானவை. நாள் நல்லதாக இருக்கும், வானம் நல்லதாக இராது. படுகர் குடும்பங்கள் மார்கழி, தையை ஒட்டி வரும் ஹெத்தையம்மன் பண்டிகை நாள்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த நாள்களில் ஊர்ப் பெரியவர்களை மலையிலிருந்து இறக்க முடியாது, இறக்க முயல்வதும் முறையன்று.

தாலியை எங்கே கட்டுவது

இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய முடிவு இதுதான். கப்பல் வழியில் நிற்கும் ஒரு துறையில் இறங்கி, அங்குள்ள கடற்கரையில் திருமணம் முடித்து, மாலையில் மறுபடி கப்பலேறுவது என்பது படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வானிலை மோசமானால் ஒரு துறையைத் தவிர்த்துவிட்டு அடுத்த துறைக்குப் போகும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே தங்களுக்கு எழுதிக்கொள்கின்றன. அப்படிப் போனால், கரையில் பந்தலும் புரோகிதரும் சமையல்காரரும் காத்திருக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் நடுக்கடலில் இருப்பார்கள். ஆழம் போதாத இடங்களில் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்கும்; லட்சத்தீவில் பவளப்பாறைகளுக்கு வெளியே கப்பல் நிற்பது இப்படித்தான். பட்டுப் புடவையோடு ஆடும் படகில் கால் வைக்கும் பாட்டியை நினைத்துப் பார்த்தாலே போதும். தவிர, லட்சத்தீவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதும், பங்காரம் தீவு நீங்கலாக அங்கே மதுவிலக்கு உண்டு என்பதும் விருந்தாளிகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள்.

கப்பல் ஏறும் ஊரிலேயே, புறப்பாட்டுக்கு முந்தைய நாளோ அதற்கும் முந்தைய நாளோ கடற்கரையில் திருமணத்தை முடித்துவிட்டு, இரு குடும்பமும் நெருங்கிய உறவினரும் ஓய்வாகக் கப்பலேறுவதே என் கணக்கில் சரியான முறை. கொச்சியில் ஏறுபவர்களுக்கு வைப்பின் தீவின் செராய், சற்றுத் தெற்கே ஆலப்புழை மாவட்டத்தின் மாராரிக்குளம் ஆகிய கடற்கரைகள் உண்டு. சென்னையில் ஏறுபவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. அப்படியும் வழித்துறையில்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், கப்பல் ஓர் இரவு முழுவதும் தங்கும் துறையை மட்டும் தேர்ந்தெடுங்கள். காலையில் வந்து மாலையில் கிளம்பும் துறை வேண்டாம்.

இரண்டு கரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அதை நிழற்படக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். நம் முகூர்த்தங்கள் பெரும்பாலும் காலையில் அமைகின்றன. கிழக்குக் கரையில் அந்த நேரத்தில் சூரியன் கடலிலிருந்து எழும். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்ந்தால் முகத்தில் வெளிச்சமும் எதிரே கடலும் அமையும். மேற்குக் கரையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மாலை வரை பொறுக்க வேண்டும். அது வரவேற்புக்குத்தான் பொருந்தும். பழைய முறைப்படி காலை முகூர்த்தம் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னைப் பக்கமே பொருத்தம் என்பேன்.

சட்டப்படி செல்லும் திருமணம்

கப்பல் தலைவர் முன்னிலையில் மோதிரம் மாற்றினால் திருமணம் சட்டப்படி முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டம் இடம் கொடுத்தால் மட்டுமே தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பிரிட்டனின் புகழ்பெற்ற கியூனார்டு நிறுவனம், கடலில் திருமணம் நடத்திவைக்க வேண்டும் என்பதை ஒரு காரணமாகக் கொண்டு, 2011இல் தன் கப்பல்களின் பதிவையே பெர்முடாவுக்கு மாற்றியது. ஆகவே கப்பலில் நடக்கும் நிகழ்ச்சியைக் கொண்டாட்டமாகவே வைத்துக்கொண்டு, சட்டப் பதிவைக் கரையில் செய்வது பாதுகாப்பானது.

கரையில் பதிவு செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி ஊரிலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம்; மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்பு கொடுத்த பின் 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும், அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் பெரியவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் வரும்: முகூர்த்தத்துக்கு முன்பே கையெழுத்தா என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

அந்தக் குடும்பங்களுக்கு இரண்டாவது வழி: தமிழ்நாட்டுக் கடற்கரையில் சடங்குப்படி திருமணம் முடித்து, 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வது. கடற்காற்றில் ஹோமத் தீ நிற்குமா என்று கவலைப்படுபவர்கள், இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவை நினைவில் வைக்கலாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் புரோகிதரும் தீயும் இல்லாமலே செல்லும். மூன்றாவது வழி கேரளக் கரை: அங்கே நடத்தினால் அந்த ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் 45 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கப்பல் பயணம் முடிந்து மலைக்குத் திரும்பியபின் மறுபடி கொச்சிக்கு ஓடாமலிருக்க, விண்ணப்பத்தையும் சாட்சிகளின் கையெழுத்தையும் கப்பலேறும் முன்பே முடித்துவிடுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் எதற்கும் முன்பணம் கொடுக்கும் முன் தங்கள் பங்குக் குருவைப் பார்க்க வேண்டும். ஆலயத்துக்கு வெளியே திருமணம் நடத்த ஆயரின் அனுமதி தேவைப்படும்.

பெயரும் தாள்களும்

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு தொல்லை உண்டு, அது தலைப்பெழுத்து. ஆதாரில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். சிலருக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். எங்கள் சித்தப்பாவின் பயணச்சீட்டில் முகவர் தலைப்பெழுத்து ஒன்றையே குடும்பப் பெயராக அடித்துக் கொடுத்துவிட்டார். முனையத்தில் மேசைக்கு மேசை அனுப்பி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். அதற்குள் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. எனவே ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் நகலெடுத்து, அதில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பயணச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேலையை வீட்டில் கண் நன்றாகத் தெரிகிற ஒரு பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். பெண்ணின் சீட்டு அவள் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும். திருமணம் ஆகப்போகிறதே என்று கணவன் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுத் துறைக்குப் போகும் கப்பலானால் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். அணிந்து செல்லும் நகைக்குப் புறப்படும்போதே சுங்க அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவைத்தால், திரும்பி வரும்போது இது இங்கிருந்து கொண்டுபோன நகைதான் என்று வாதாட வேண்டியதில்லை. புதுத் தாலிக்கொடியும் சீர் நகையும் போட்ட பெண்ணுக்கு இந்தச் சான்று மிகவும் முக்கியம். இருந்தாலும் என் யோசனை, திருமணம் முடிந்ததும் கனமான நகைகளை ஊருக்குத் திரும்பும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தாலியோடு மட்டும் கப்பலேறுவதே. பெரும்பாலான நிறுவனங்கள் 24 வார கர்ப்பத்தை எட்டியவர்களையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை என்பதால், உறவில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று மெல்ல விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பல் அறைக்கான கட்டணம் இருவர் தங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. தனியாக வரும் மாமாவுக்கு ஓர் அறை என்றால் கூடுதலாகக் கேட்பார்கள்.

மலையிறங்குதல்

மலைவாசிகளுக்குப் பயணத்தின் நிச்சயமற்ற பகுதி கடலன்று, குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை. மழையில் மண் சரிந்தால் அது அடைபடும்; மலை ரயிலும் நின்றுவிடும்; கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்க வேண்டியிருக்கும். அன்றைக்கே இறங்கி அன்றைக்கே ஏறலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது என்றால், ஏறுவதற்கான பதிவு அதற்கு வெகு முன்னரே மூடப்பட்டுவிடும். விருந்தாளிகள் அனைவரும் திருமணத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே கடற்கரை ஊரில் இருக்குமாறு பேருந்தை ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த ஒரு நாள் உடம்புக்கும் தேவைப்படுகிறது. தை மாதத்தில் ஊட்டியில் புல் மீது உறைபனி வெளுத்துக் கிடக்கும். ஆறாயிரம் அடி உயரத்தில் கம்பளிச் சட்டையோடு இருந்தவர்கள் மறுநாள் கடலோர வெக்கையில் பட்டுடுத்தி உட்கார்ந்தால் தலை சுற்றத்தான் செய்யும். வளைவுகளில் குமட்டுகிறது என்று அவோமின் மாத்திரையைக் கையில் வைத்திருக்கும் அத்தைமார் நம் வீடுகளில் உண்டு; கப்பலாட்டத்துக்கும் அதே மாத்திரைதான், ஆனால் குமட்டல் தொடங்கும் முன் போட வேண்டும், மற்ற மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. கடல் தெரியும் மேல்தள மாடத்தை இளையவர்களுக்கு விட்டுவிடலாம்.

மணலில் ஒரு பந்தல்

கடற்கரை விடுதியின் புல்வெளி அவர்களுடையது. அலை தொடும் மணல் அவர்களுடையதன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அங்கே தற்காலிகப் பந்தல் போடக்கூட அனுமதி தேவைப்படலாம் என்பதால், அனுமதியை யார் வாங்கப் போகிறார்கள், அதன் நகல் எப்போது உங்கள் கைக்கு வரும் என்பதை விடுதியோடு செய்யும் ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்.

ஒலியைப் பற்றிப் பலரும் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை மட்டுமின்றி இசைக்கருவிகளையும் தடுக்கின்றன. நாலரை – ஆறு முகூர்த்தத்தில் மணலில் கெட்டிமேளம் கொட்டினால் விதியை மீறியதாகும். ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் வரும் முகூர்த்தத்தைக் கேட்டு வாங்குங்கள். காற்றின் கணக்கும் அதற்கே சாதகமாக இருக்கிறது: விடியலில் கடற்கரைக் காற்று அடங்கியிருக்கும், நிலம் சூடேறிய பிறகு நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பும். செராயில் பிற்பகலில் ஒரு சடங்கு வைத்த உறவினர் வீட்டில், வாழை மரங்கள் பந்தக்காலோடு சேர்ந்து ஆடின; சாஸ்திரிகள் நெய் விட விடத் தீ நாக்கு மாப்பிள்ளையின் பட்டுக்கரை பக்கமே சாய்ந்தது; கடைசியில் இருவர் ஜமுக்காளத்தை விரித்துத் திரைபோலப் பிடித்து நின்றார்கள். ஆரத்தித் தட்டில் கற்பூரம் மூன்று முறை அணைந்தது. ஹோம குண்டத்தைச் சுற்றி மூன்று பக்கம் செங்கல்லால் ஒரு முழ உயரத்துக்குத் தடுப்பு வைப்பதும், பந்தக்கால் ஒவ்வொன்றின் அடியிலும் மணல் மூட்டை கட்டுவதும், ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை மாட்டுவதும் முன்பே சொல்லிவைக்க வேண்டிய வேலைகள். ஈரக்காற்றில் தவிலின் தோல் தளரும், நாகசுரச் சீவாளி இழுக்கும். அந்தக் கரையிலேயே வாசித்துப் பழகிய உள்ளூர் மேளக்காரர்களை அமர்த்துவது மேல்.

அலையின் உயரத்தைப் பௌர்ணமியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வளர்பிறை முகூர்த்தம் பௌர்ணமியை ஒட்டி வந்தால், ஓதம் வழக்கத்தைவிட மேலே ஏறும். முந்தைய நாள் மாலை உலர்ந்திருந்த மணல் மறுநாள் காலை நனைந்திருக்கலாம். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை, பேரலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரக் கடலில் எழுந்த அலை வந்து கரையேறும் கள்ளக்கடல் என்ற நிகழ்வு கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் உண்டு. கோடையில் நடத்துபவர்கள் முதல் நாள் இரவு அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலி போட வேண்டும். தை, மாசியில் சென்னைக் கரையில் ஆமைகள் முட்டையிட வரும் காலம் என்பதால், இரவு வரவேற்பு வைத்தால் கடலை நோக்கி அடிக்கும் பெருவிளக்குகளைத் தவிருங்கள்.

மாலைக்குக் கோத்தகிரியிலிருந்து கார்னேஷன் கொண்டுபோகும் ஆசை நம்மவர்களுக்கு வரும். மலைக்குளிரில் வளர்ந்த அந்தப் பூவைப் பெட்டியில் அடைத்துக் கீழே கொண்டுபோய், குளிர்ந்த அறையில் வைத்து, மேடை அலங்காரத்துக்கு மட்டும் கடைசி நேரத்தில் எடுக்கலாம். கழுத்து மாலைக்குச் சமவெளி மல்லியும் சம்பங்கியுமே தாங்கும்.

கப்பலுக்குள்

திறந்த தீ கப்பலில் கூடவே கூடாது. குத்துவிளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், மெழுகுவத்தி எதையும் ஏற்ற விடமாட்டார்கள். பட்டுக்கு மடிப்புப் போடக் கொண்டுபோகும் இஸ்திரிப் பெட்டியையும் வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். தேங்காய், மாவிலை, மஞ்சள் கிழங்கு, பூ, பழம் ஆகியவற்றை வெளிநாட்டுத் துறையில் இறக்கப் பயிர்நோய்த் தடுப்பு விதிகள் பெரும்பாலும் இடம் தருவதில்லை. ஆகவே தாம்பூலப் பையைக் கரையிலேயே கொடுத்துவிடுங்கள். நலங்கு, ஊஞ்சல் போன்ற விளையாட்டுச் சடங்குகளில் தீ தேவைப்படாதவற்றைக் கப்பலில் வைத்துக்கொள்ளலாம்; அதற்கான கூடத்தை முன்பே கேட்டு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி வாங்க வேண்டும். மாலத்தீவு போன்ற இடத்துக்குப் போகும் கப்பலில் கடிகாரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்னால் வைக்கப்படலாம். கைப்பேசி ஒரு நேரமும் கப்பல் ஒரு நேரமும் காட்டும்போது ராகுகாலம் பார்ப்பவர்கள் எந்த நேரத்தைப் பின்பற்றுவது என்பதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளட்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால், முகவர் பணம் வாங்கும்போதே அதோடு சேர்த்து வரியையும் (டிசிஎஸ்) வசூலிப்பார். அது யாருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) வசூலாகிறதோ அவர்தான் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். மொத்தப் பணத்தையும் மாமனார் கட்டி, எண்ணை மாப்பிள்ளை கொடுத்த வீடுகள் உண்டு.

ஊருக்குத் திரும்பி

கப்பலில் முப்பது, நாற்பது பேருக்கு மேல் அழைப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாது. ஹட்டி (படுகர் சிற்றூர்) முழுவதும் கூடி நடத்தும் திருமணத்துக்குப் பழகிய ஊரில், யாரைக் கூப்பிட்டோம், யாரை விட்டோம் என்பது தலைமுறைக்கும் பேசப்படும். அதனால் இரண்டு பத்திரிகை அடியுங்கள்: கடற்கரைக்கு ஒன்று, மலையில் நடக்கும் வரவேற்புக்கு ஒன்று. கப்பலுக்கு வர இயலாத பெரியவர்களின் வீட்டுக்குத்தான் முதலில் வெற்றிலை பாக்கோடு போக வேண்டும். கைப்பேசியில் படமாக அனுப்பும் பத்திரிகை அவர்களுக்கு உதவாது. மொய் எழுதுவதும் மலை வரவேற்பில்தான். கப்பல் கரை சேரும் நாளுக்கும் வரவேற்புக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். கப்பல் ஒரு நாள் தாமதித்தாலும், தரை இறங்கிய பின்னும் கால் ஆடுவதுபோல் சிலருக்குத் தோன்றும் மயக்கம் தெளியவும் அது போதும். வரவேற்புக்குச் சமவெளியிலிருந்து வண்டியில் வரும் உறவினர்களுக்கு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கு நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் (வாகன நுழைவு அனுமதி) பற்றிய குறிப்பை இரண்டாவது பத்திரிகையின் கடைசி வரியில் அச்சிட்டுவிடுங்கள்.